சும்மா இருந்தபோது எடுத்த படம்

மஞ்சக்குப்பம், கடலூர்
23 ஜூன் 2025

கயல் அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீ நலம் என்று அப்பா சொல்லித் தெரியும். அவர்தான் தினமும் சிதம்பரம் பஸ்ஸில் டிக்கெட் போட்டுக்கொண்டு உன் ஊருக்கு வந்து போகிறாரே. நான் நலமா இல்லையா என்பது தெருவுக்கே தெரியும். அதனால் அதை விட்டுவிடுவோம்.

உன் நம்பரை இன்னும் பிளாக்கில்தான் வைத்திருக்கிறேன். எடுக்க மாட்டேன். இந்தக் கடிதம் என் மனநல டாக்டர் ஜான்சியின் யோசனை. "போன்ல டைப் பண்ணா கோவம் சுடச்சுடப் போயி சேருது மதி. நீ பேப்பர்ல எழுதி தபால்பெட்டில போடு. போட்ட அப்புறம் உன்னால ஒண்ணும் பண்ண முடியாது. அது போய்ச் சேர்றதுக்குள்ள நீ கொஞ்சம் ஆறிடுவ" என்றார். அவர் பேச்சை நான் கேட்பது இதுதான் கடைசி. போன வாரத்திலிருந்து அவரிடம் போவதை நிறுத்திவிட்டேன். அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள்.

அப்பாவுக்கு இந்தத் தபால் விஷயத்தில் மனத்தாங்கல். "என் பஸ்லயே போற கடுதாசிய எதுக்கும்மா போஸ்ட் ஆபீஸ்ல குடுக்கற? குடு, சாயங்காலத்துக்குள்ள அவ கையில இருக்கும்" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார். சீக்கிரம் போகக் கூடாது என்பதுதான் வைத்தியமே என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

வீட்டு நிலவரம் சொல்கிறேன். கத்தி, அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாம் எதிர் வீட்டு ஜெயராணி அக்காவிடம் குடியேறிவிட்டன. அம்மா அங்கே போய்க் காய் நறுக்க வெட்கப்படுகிறாள். அதனால் கையால் ஒடித்த முருங்கைக்காய், கையால் பிய்த்த வெண்டைக்காய். சாம்பாரில் முருங்கைக்காய் ஒன்று விரல் நீளம், ஒன்று முழ நீளம். அப்பா முழ நீளத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிடுகிறார். நான் சிரித்தால் இரண்டு பேரும் பயப்படுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் உன் ஆராய்ச்சிக்கு ஆள் குறைகிறது என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய், மூளையைப் படம் எடுக்கிற அந்தக் குழாய்க்குள் படுக்க வைத்தாயே, அந்தப் படம் எனக்கு வேண்டும். என்னை 'நலமான பிள்ளைகள்' குழுவில் போட்டீர்கள். மே மாதம் நான் ஆஸ்பத்திரியில் கையில் கட்டோடு கிடந்தபோது நீ ஓடி வந்தாய். வந்ததும் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "செம்பியன் கேள்வி கேட்டப்ப ஏன் பொய் சொன்ன?" வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

ஆமாம், பொய்தான் சொன்னேன். உன்னோடு மெஷினில் வேலை செய்கிற செம்பியன் அண்ணன் தூக்கம் வருகிறதா என்றால் வருகிறது என்றேன். யாராவது விட்டுப் போய்விடுவார்களோ என்று பயமா என்றால் இல்லை என்றேன். உன் நலமான குழுவில் இருக்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் ஓர் ஆள் 'ஆளுமைக் கோளாறாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தார். காய்ச்சல் என்றால் வந்திருக்கிறது, போய்விடும் என்பார்கள். இது அப்படி இல்லையே. ஆளே கோளாறு என்றால் எதைச் சரிசெய்வது? படத்தை அனுப்பு. எந்த இடத்தில் கோளாறு என்று பேனாவால் வட்டம் போட்டு அனுப்பு. பார்த்துவிட்டு, டாக்டரிடம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன். வட்டம் போடும் அளவுக்கு இருக்கிறது என்றால் போய் என்ன பிரயோஜனம்?

வெண்மதி


சிதம்பரம்
27 ஜூன் 2025

அன்பு மதி,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். வீட்டுக்கார அம்மா தில்லையம்மாள் "ஊர்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். முருங்கைக்காய் இடத்தில் நான் சிரித்திருக்கிறேன், மற்ற இடத்தில் முகம் மாறியிருக்கிறது. இரண்டையும் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அப்படிக் கேட்டது தப்பு. பஸ்ஸில் வரும்போது முழுக்க, நமக்குத் தெரியாமல் எப்படிப் போயிற்று, தினம் இதைத்தானே பார்க்கிறோம் என்றே மண்டைக்குள் ஓடியது. உள்ளே வந்ததும் அதுதான் வாயில் வந்தது. அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

படம் தர முடியாது மதி. விதி ஒன்று: யாருடைய படத்தையும் தனியாகக் கொடுக்க மாட்டோம் என்று உன்னிடமும் அப்பாவிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அதைவிட முக்கியம், நீ கேட்கும் வட்டத்தை யாராலும் போட முடியாது. நாங்கள் தேடுவது ஓட்டை உடைசலை அல்ல. மூளைக்குள் ஒரு பகுதி பேசும்போது இன்னொரு பகுதி காது கொடுக்கிறதா என்று பார்க்கிறோம். பயமும் கோபமும் கிளம்புகிற இடம் ஒன்று உள்ளே ஆழத்தில் இருக்கிறது. 'கொஞ்சம் பொறு' என்று சொல்கிற இடம் நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள பாதை உன் வயதில் யாருக்குமே முடிந்திருக்காது. இருபது வயது தாண்டியும் அங்கே வேலை நடந்துகொண்டிருக்கும். சிலருக்கு அந்தப் பேச்சு வேறு மாதிரி நடக்கிறது என்று பலருடைய படங்களைச் சேர்த்து, சராசரி போட்டுப் பார்க்கும்போது தெரிகிறது. சராசரியில்தான் தெரியும். ஒருத்தியின் ஒரு படத்தை வைத்து அவள் இப்படி என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

அந்தச் சீட்டில் எழுதினவர் அவசரப்பட்டிருக்கிறார். உன் வயதில் அந்தப் பெயரைச் சட்டென்று ஒட்ட மாட்டார்கள். டாக்டர் ஜான்சி உன்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லையே, கவனித்தாயா? தயவுசெய்து அவரிடம் போ.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்தால் வருத்தப்படுவாய். உன் பதில்கள் மாறிவிட்டதால் நலமான குழுவிலிருந்து உன் படத்தை நீக்க வேண்டியிருக்கிறது. இது நடைமுறைதான். தட்சிணாமூர்த்தி சார், அவர்தான் இந்த ஆராய்ச்சிக்குத் தலைவர், அடுத்த வாரம் செய்துவிடச் சொல்லியிருக்கிறார்.

சாப்பிடு. பள்ளிக்கூடம் போகிறாயா?

அன்புடன்
கயல்


கடலூர்
1 ஜூலை 2025

மதிப்பிற்குரிய ஆராய்ச்சியாளர் கயல்விழி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். நீக்கிவிடவும். தாராளமாக நீக்கிவிடவும். வீட்டில் மேசை மேல் இருக்கும் குடும்பப் படத்திலும் நான் ஓரத்தில்தான் நிற்கிறேன். கத்தரிக்கோல் ஜெயராணி அக்கா வீட்டில் இருக்கிறது, வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு
நீக்கப்பட்டவள்


சிதம்பரம்
12 ஜூலை 2025

மதி,

பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். பிறகு எழுதி எழுதிக் கிழித்தேன். இது கிழியாமல் வந்து சேர்ந்தால் படி.

நேற்று அப்பாவை பஸ் நிலையத்தில் பார்த்தேன். விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார். நீ சாப்பிடுவதில்லை என்றார். வண்டி கிளம்பும்போது படியில் நின்றுகொண்டு, "ரெண்டு பேரும் நல்லாத்தான் எழுதறீங்க, ஆனா வூட்டுல யாரும் பேசறதில்ல" என்றார். பஸ் போய்விட்டது.

நீக்குவது என்ற வார்த்தையை நான் எழுதியிருக்கவே கூடாது. தினமும் அந்த வார்த்தையைப் புழங்கிப் புழங்கி அதற்கு முனை இருப்பது மறந்துவிட்டது. தலை ஆட்டினவர்களை நீக்குகிறோம், தூங்கிவிட்டவர்களை நீக்குகிறோம். உன்னை என்று எழுதும்போதாவது யோசித்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை கிள்ளைப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். ஒரு மீன்காரர் தன் பெண்ணை ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றார். "அந்த மெஷின்ல பார்த்தா பொண்ணு என்னா நெனைக்கறான்னு தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப சரி, கூட்டிட்டுப் போங்க. தெரிஞ்சிட்டா வம்பு" என்றார். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நீ இருந்தால் அவரிடம் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாய் என்று தோன்றியது.

மறுநாள் மெஷினைப் பழுது பார்த்தார்கள். பழுது பார்த்த பிறகு ஒருவர் உள்ளே படுத்துச் சரியாக எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். நானே படுத்தேன். முகத்துக்கு மேல் கூண்டு, சின்னக் கண்ணாடியில், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய அந்தக் கூட்டல் குறி. எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொல்கிற அதே வாக்கியத்தைச் செம்பியன் எனக்குச் சொன்னார். "கண்ணத் தொறந்து வெச்சுக்குங்க. எதையும் குறிப்பா நெனைக்காதீங்க. சும்மா இருங்க." சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மெஷின் சத்தம் அப்பாவின் பழைய பஸ் சத்தம் ஆகிவிட்டது. ஜன்னல் ஓரம் நீ, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின சடையோடு. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியது, ஆனால் இறங்கவில்லை. பாலம் நீண்டுகொண்டே போகிறது. கீழே எட்டிப் பார்த்தால் ஆற்றுக்குப் பதில் நாற்று நட்ட வயல், பச்சையாக, முடிவே இல்லாமல். நீ, "அக்கா, ஊர் எப்ப வரும்?" என்றாய். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். குரல் வரவில்லை. யாரோ விசில் அடிக்கிறார்கள், பஸ் நிற்கவில்லை. பயமாக இல்லை மதி. ஆனால் வெளியே வந்தபோது காதோரம் ஈரமாக இருந்தது. செம்பியன் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

நீ உள்ளே படுத்திருந்தபோது என்ன பார்த்தாய் என்று நான் கேட்கவே இல்லை. அது எங்கள் கேள்விப் பட்டியலில் இல்லை.

கயல்


மஞ்சக்குப்பம்
20 ஜூலை 2025

அக்கா,

கிழியாமல் வந்துவிட்டது.

மீன்காரரிடம் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றால், பெண் என்ன நினைக்கிறாள் என்று மெஷின் இல்லாமலே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று சொல்லியிருப்பேன். உனக்கும் சேர்த்துத்தான்.

இப்போதாவது கேட்டாயே, சொல்கிறேன். டாக்டர் ஜான்சியிடம் கூடச் சொன்னதில்லை.

தோடு, கொலுசு, மூக்குத்தி எல்லாம் கழற்றி உன் கையில் கொடுத்தேன். உள்ளே தள்ளினார்கள். முதலில் சத்தம் தலைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. கையில் ஒரு ரப்பர் உருண்டை கொடுத்திருந்தீர்கள், பயமாக இருந்தால் அழுத்தச் சொல்லி. அழுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். அழுத்தினால் உன் குழு கெட்டுவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் சத்தம் மெல்ல மெல்லத் துடுப்புச் சத்தம் ஆயிற்று. பிச்சாவரத்தில் படகில் இருந்தேன். கூட்டல் குறி, தண்ணீருக்கு மேலே குறுக்கே கிடந்த இரண்டு வேர்கள். படகு அதை நோக்கிப் போகிறது, ஆனால் அது கிட்டே வரவில்லை.

மரமெல்லாம் மேலே கூடி, சந்து குறுகிக் குறுகி வருகிறது. இலை முகத்தில் உரசுகிறது. தண்ணீர் கறுப்பு. எந்தச் சந்தில் திரும்பினாலும் இன்னொரு சந்து. படகோட்டிக்கு முகம் இல்லை, குரல் மட்டும் செம்பியன் குரல்: "தலைய ஆட்டாதம்மா, தலைய ஆட்டாத." பெரிய பயம் வந்தது அக்கா. எல்லோரும் கரையில் இறங்கிப் போய்விட்டார்கள், நான் மட்டும் இங்கேயே சுற்றப்போகிறேன் என்கிற பயம். எனக்கு வழக்கமாக வருகிற அதே பயம். வீட்டில் அம்மா கடைக்குப் போய் வரக் கொஞ்சம் தாமதமானால் வருமே, அது.

அப்போது யாரோ என் கால் கட்டைவிரலில் கயிறு கட்டினார்கள். மறுமுனையைக் கரையிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். இழுக்கவில்லை. கயிறு இருந்தது, அவ்வளவுதான். படகு எந்தச் சந்தில் போனாலும் அது கூடவே வந்தது. அதற்கப்புறம் இலை உரசினால் கூச்சம் இல்லை. தண்ணீரில் கை விட்டு அளைந்துகொண்டே போனேன். அப்படியே இருந்திருக்கலாம். வெளியே எடுத்துவிட்டீர்கள்.

சமயத்தில் அது கனவு இல்லையோ என்று நினைப்பேன். நிஜமாகவே யாரோ காலைப் பிடித்த மாதிரி இருந்தது. செம்பியன் அண்ணனா? அப்படியென்றால் ரொம்ப நல்லவர், ஆனால் கை ஐஸ் மாதிரி இருந்தது என்று சொல்லு.

டாக்டரிடம் இன்னும் போகவில்லை. சாப்பிடுகிறேன். நேற்று வெண்டைக்காய் பிய்த்தது நான்தான்.

மதி


சிதம்பரம்
24 ஜூலை 2025

மதி,

அது நான்.

உன் கடிதத்தைப் படிக்கிறவரை எனக்கே தெரியாது என்றால் நம்புவாயா? சின்ன வயது என்பதால் நீ படுத்திருக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் அறைக்குள் நிற்கலாம் என்று சார் சொல்லியிருந்தார். நான் காதை அடைத்துக்கொண்டு உன் கால் பக்கம் நின்றேன். நின்றது மட்டும்தான் என் ஞாபகத்தில் இருக்கிறது. உடனே செம்பியனிடம் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, "ஆமா மேடம், பாப்பா கால் வெரலப் புடிச்சிட்டுதான் நின்னீங்க. கண்ணாடி வழியா பார்த்தேன். உங்க தங்கச்சிதானேன்னு வுட்டுட்டேன்" என்றார். தொடக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. அதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இடி இடித்தால் நீ தலைகீழாகத் திரும்பிப் படுத்து என் பக்கம் காலை நீட்டுவாய். நான் கட்டைவிரலைப் பிடித்தால் தூங்கிவிடுவாய். பக்கத்தில் உன் கால் தெரிந்தால் என் கை தானாகப் போய்விடுகிறது போலிருக்கிறது.

சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்புறம், "நீ கொஞ்ச நாளைக்கு ஸ்கேன் ரூம் பக்கம் போவாத. ஒக்காந்து படங்கள சரிபார்" என்றார். சரி என்றேன். நியாயம்தான்.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் படத்தை நான் ஜனவரியிலேயே பார்த்திருக்கிறேன். குழுவில் இருந்த மற்றவர்களோடு பக்கத்தில் வைத்தால் எதுவும் துருத்திக்கொண்டு தெரியவில்லை. ரொம்ப அமைதியான படம். அதனால்தான் மே மாதம் நான் அவ்வளவு குழம்பினேன், அந்த முட்டாள் கேள்வியைக் கேட்டேன்.

நீ உடனே சந்தோஷப்படாதே, நானும் படவில்லை. ஒருத்தி, ஒரு படம், அதிலும் விதி மீறின படம். அது எதற்கும் ஆதாரம் ஆகாது. என் கை இருந்ததால்தான் அமைதி என்றுகூட நான் சொல்ல முடியாது. ஆராய்ச்சியாளராக என்னால் சொல்ல முடிந்தது பூஜ்யம். ஆனால் நீ வட்டம் கேட்டாய். அந்தப் படத்தில் வட்டம் போட எனக்கு இடம் கிடைக்கவில்லை மதி. அக்காவாக இதை எழுதுகிறேன், இந்தத் தாளை யாரிடமும் காட்டாதே.

பெரிய பயம் வந்தது என்று எழுதியிருக்கிறாய். உருண்டையை அழுத்தாமல் இருந்தாய் என்றும் எழுதியிருக்கிறாய். பயம் அடங்குகிறவரை நீ அங்கேயே இருந்திருக்கிறாய். அது உன்னால் முடிந்தது. டாக்டர் ஜான்சி உனக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்ப்பதும் அதைத்தான் என்று நினைக்கிறேன். அவரிடம் போ. நான் கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

கயல்


மஞ்சக்குப்பம்
9 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் கடிதத்தைத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து படித்தேன். அம்மா கொஞ்ச தூரத்தில் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு சுண்டல் வாங்கினாள்.

முதலில் அழுதேன். அப்புறம் சிரித்தேன், ஊரெல்லாம் விதி சொல்லிக் கொடுத்துவிட்டு நீயே மாட்டிக்கொண்டாயே. அப்புறம் கோபம் வந்தது. வரிசையாக எல்லாமே வந்தது, ஒரு மணி நேரத்துக்குள். இதைத்தான் 'கோளாறு' என்கிறார்களோ என்று நினைத்தேன், அதற்கும் சிரிப்பு வந்தது.

கோபம் எதற்கென்றால், அப்போது அந்த அமைதி உன்னுடையது, என்னுடையது இல்லை. நீ கையை எடுத்தால்? நீ நாளைக்கு மேல் ஆராய்ச்சிக்கு பெங்களூர் போவாய், அதற்கப்புறம் வெளிநாடு போவாய், கல்யாணம் ஆகும். இடி இடிக்கும்போதெல்லாம் நான் யார் பக்கம் காலை நீட்டுவது? இதைப் போனில் கேட்டிருந்தால் உன்னைக் கண்டபடி திட்டியிருப்பேன். எழுதி முடிக்கும்போது கை வலிதான் மிச்சம்.

இந்தக் கேள்வியை யாரிடமாவது கேட்க வேண்டுமே என்றுதான் டாக்டர் ஜான்சியிடம் போனேன். உனக்காக இல்லை. அவர், "கை எடுத்தா என்ன ஆவும்னு உனக்குத் தெரியுமா, இல்ல பயப்படறியா?" என்று கேட்டார். பயப்படுகிறேன் என்றேன். "அப்ப தெரியாது. சரி, கண்டுபுடிக்கலாம்" என்றார். புதன்கிழமைதோறும் வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன்.

எனக்கு ஒரு காரியம் செய்து கொடு. இன்னொரு குழு வைத்திருக்கிறாயே, நலமில்லாத பிள்ளைகள் குழு, அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் சரி, அதில் என்னைச் சேர்த்துக்கொள். கேள்விகளுக்கு இந்த முறை நிஜமான பதில் சொல்கிறேன். யாரும் காலைப் பிடிக்கக் கூடாது. உன் ஆராய்ச்சிக்காகக் கேட்கவில்லை. கயிறு இல்லாமல் அந்தச் சந்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

பழைய படத்தை நீக்கிவிடு. இந்த முறை கோபத்தில் சொல்லவில்லை.

மதி


சிதம்பரம்
2 செப்டம்பர் 2025

மதி,

சாரிடம் கேட்டேன். தங்கை என்பதாலும், நடந்ததெல்லாம் நடந்துவிட்டதாலும் உன் படம் எந்தக் கணக்கிலும் சேராது என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஆனா அடுத்த மாசம் மெஷின் சரிபார்க்க யாராச்சும் படுக்கணும். உங்கப்பா கையெழுத்துப் போட்டு, அந்த டாக்டரம்மாவும் சரின்னு எழுதிக் குடுத்தா அந்தப் பொண்ணு வந்து படுக்கட்டும்" என்றார். குழு இல்லை. உன் பெயரில் நீ மட்டும். பரவாயில்லையா?

கேள்விகளைச் செம்பியன் கேட்பார். நான் அந்த அறையில் இருக்க மாட்டேன். நீ என்ன சொன்னாலும் எனக்குத் தெரியவராது, நீயாகச் சொன்னால் ஒழிய. ஸ்கேன் அறைக்குள்ளும் வர மாட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்தால் நான் உனக்குத் தெரிய மாட்டேன்.

இடி இடித்தால் யார் பக்கம் காலை நீட்டுவது என்று கேட்டாயே. பெங்களூர் போவேன், அது நிஜம். போகவே மாட்டேன் என்று எழுதிவிடலாம் என்று ஆசையாக இருந்தது. எழுதினால் நீ பொய்யைக் கண்டுபிடித்துவிடுவாய்.

அப்பா பஸ்ஸில் வா. கொலுசு போடாமல் வா, கழற்றும் வேலை மிச்சம்.

கயல்


மஞ்சக்குப்பம்
13 அக்டோபர் 2025

அக்கா,

வியாழக்கிழமை உன்னோடு அதிகம் பேசாமல் வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். பேசினால் உள்ளே பார்த்தது போய்விடுமோ என்று இருந்தது. இரண்டு நாள் தபாலில் ஊறி வரட்டும் என்று எழுதுகிறேன்.

போகும்போது அப்பா என்னை முன் சீட்டில் உட்கார வைத்து டிக்கெட்டும் போட்டார். "பொண்ணுன்னா ஓசியா? செக்கிங் வந்தா யாரு பதில் சொல்றது?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். புதுச்சத்திரம் தாண்டி மழை பிடித்தது. வெள்ளாற்றுப் பாலம் ஏறினோம், இறங்கினோம். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

செம்பியன் அண்ணன் எல்லாக் கேள்வியும் கேட்டார். எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். ஓர் இடத்தில் அவர் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். எந்த இடம் என்று உனக்கு இன்னொரு நாள் சொல்கிறேன்.

உள்ளே போனதும் அதே ஆணிச் சத்தம், அதே கூட்டல் குறி, அதே படகு. எனக்குத் தெரியும், அது எனக்காகவே காத்துக்கொண்டிருந்தது. சந்து குறுகியது, இலை உரசியது. கட்டைவிரலில் எதுவும் இல்லை. அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் போய்விட்டார்கள் என்கிற அந்த பயம் வந்தது. நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாய் என்று சொல்லிப் பார்த்தேன், அது நம்பவில்லை. டாக்டர் சொன்ன மாதிரி, வந்துட்டியா, வா, உட்காரு என்றேன். அது எதிரே பலகையில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு பேருமாகப் போனோம். உருண்டை கையிலேயே இருந்தது. அழுத்தலாமா என்று நினைத்தேன், அழுத்தலாம், அதற்குத்தானே கொடுத்திருக்கிறார்கள் என்றும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தபோது படகு தரை தட்டி நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல் இறங்கினேன் அக்கா. தண்ணீர் முழங்கால் வரைதான் இருந்தது. இத்தனை நாளும் அடியே இல்லை என்று நினைத்திருக்கிறேன். காலுக்குக் கீழே சேறு, வெதுவெதுப்பாக. அங்கேயே நின்றேன். அப்புறம் நீங்கள் வெளியே எடுத்தீர்கள்.

படம் எப்படி வந்திருக்கிறது என்று எழுதாதே. வேண்டாம். இன்னும் எத்தனையோ நாள் மோசமாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், போன ஞாயிற்றுக்கிழமையே மோசமாகத்தான் இருந்தது. புதன்கிழமை போவேன். உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், ஆனால் கோபம் வந்தால் தபாலில்தான் போடுவேன்.

இன்று காலை நானே ஜெயராணி அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மாவும் பின்னாலேயே வந்தாள். "அருவாமனைய வாங்கிட்டுப் போவட்டுமா?" என்று கேட்டேன். ஜெயராணி அக்கா அம்மா முகத்தைப் பார்த்தாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் அம்மாதான் கை நீட்டி வாங்கினாள். வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து நறுக்கினாள், நான் எதிரே உட்கார்ந்து எடுத்து எடுத்துக் கொடுத்தேன். முடித்ததும் கழுவித் துடைத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பக் கொண்டுபோய் ஜெயராணி அக்காவிடமே கொடுத்துவிட்டு வந்தாள். நாளைக்கும் வாங்கலாம் என்றாள். சரி என்றேன்.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் தட்டைப் பார்த்தார். முருங்கைக்காய் எல்லாம் ஒரே அளவில் இருந்தது.

மதி